நூறு இழுப்புக்கு எத்தனை மீட்டர்

காலை 5.15. படூரிலிருந்து கோவளத்துக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய் என்றது. என் வீட்டுக்காரர் பாதித் தூக்கத்தில் பேரம் பேசாமல் ஏறிவிட்டார். நாங்கள் போவது மாமல்லபுரம், அதுவும் கடல் வழியாக, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் படகில். சுமார் பத்தொன்பது கிலோமீட்டர். போன வருடம் இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் நெம்மேலியில் கை ஓய்ந்து கரையேறினேன். இந்தத் தடவையும் அப்படியானால் துடுப்பைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்காகவே ஒரு வருடம் முட்டுக்காடு உப்பங்கழியில் பழகினோம். முதலில் ஒரு மணி நேரத்திலேயே முழங்கை கெஞ்சும். கையை நம்பாமல் இடுப்பைத் திருப்பித் துடுப்பை இழுக்கக் கற்ற பிறகு மூன்று மணி நேரம் தாங்கியது. நூறு இழுப்புக்குப் படகு எவ்வளவு தூரம் போகிறது என்று செல்போனில் பார்ப்போம். அது குறைந்தால் உடம்பு ஓய்கிறது அல்லது தண்ணீர் எதிர்க்கிறது என்று அர்த்தம். நான் கணக்கு டீச்சர். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

5.50. கோவளம். மீன்படகுகளுக்கு நடுவே கடலில் இறங்கினோம். நான் முன்னால், அவர் பின்னால். வழிகாட்டி தாஸ் தனிக் கயாக்கில் கூடவே வந்தார். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் கடல் சாதுவாகிவிட்டது. நூறு இழுப்புக்கு இருநூற்றெழுபது மீட்டர். திருவிடந்தை வரை அதே அளவுதான்.

7.20. நெம்மேலி நெருங்கும்போது அது இருநூறுக்கு இறங்கியது. போச்சுடா என்று நினைத்தேன். ஆனால் கை சோரவில்லை. பின்னால் துடுப்பு விழும் சத்தமும் தவறாமல் கேட்டது. நீரோட்டம் எதிர்க்கிறதா என்று தாஸைக் கேட்டேன். தண்ணீர் அசையவே இல்லை என்றவர், கொஞ்சம் பின்தங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

“அக்கா, அண்ணாத்த துடுப்ப நனைச்சிகினு வராரு. இழுக்கல.”

திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“தோள் புடிச்சிகிச்சு. சொன்னா நீ கரைக்குத் திருப்பிடுவ. அதான் சும்மா போட்டுகினு வந்தேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். வலியை மறைக்கச் சொல்லி யார் கேட்டது? தாஸ் ஒன்றுதான் சொன்னார்: பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பும், சண்டையைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

8.15. பட்டிபுலம். அவர் இறங்கினார். பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீ போ என்றார். பின்பக்கம் காலியானால் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும் என்று தாஸ் டீக்கடையில் ஒரு தண்ணீர் கேன் வாங்கிவந்து அவருடைய இருக்கையில் கட்டினார். மிச்சம் ஏழு கிலோமீட்டர். கேனோடு கிளம்பினேன்.

10.05. மாமல்லபுரம். கரையில் இறங்கியபோது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனாலும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. தோளில் ஐஸ் பொட்டலத்தை அழுத்தியபடி அவர் நின்றிருந்தார். முதல் கேள்வியே கணக்குதான்.

“கேனோட நூறுக்கு எவ்ளோ வந்துச்சு?”

“நூத்தி எண்பது.”

“கேன் என்னவிட லேசாச்சே. நான் குந்திகினு வந்தப்போ எரநூறு வந்துச்சே?”

களைப்பு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

“எரநூறு வந்தப்போ, பின்னாடி நீங்க இழுக்கிறீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றேன்.