இடதுபக்கம் சாய்ந்த வண்டி

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வேண்டிய நாள். வழியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பார்த்தால், எங்கள் பெரிய எஸ்யூவி இடது பின்பக்கம் தரையோடு படுத்திருந்தது. அந்த வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்.

இன்ஜினை ஓடவிட்டதும் மெல்ல எழுந்தது. உடனே வீட்டுக்குப் பக்கத்து மானகிரி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். போன வாரம் லேசாகச் சாய்ந்தபோதே வேறொரு மெக்கானிக், பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாற்றச் சொல்லியிருந்தார். மானகிரி மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. பையின் மேலும் அதற்குக் காற்று வரும் குழாயின் மேலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். குழாய் பையோடு சேரும் இடத்தில் நுரை கொப்பளித்தது.

"இங்குட்டுத்தான் காத்து போகுது. கம்ப்ரசர்ல ஒண்ணும் இல்ல."

குழாயின் தேய்ந்த நுனியை வெட்டிவிட்டு, புது இணைப்பு போட்டார். ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றால் நம்பலாம் என்றார். எனக்கு உட்காரவே முடியவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை டயருக்கு மேலுள்ள இடைவெளியை விரல்களை வைத்து அளந்தேன்.

"எதுக்கு இம்புட்டுப் பதறுறீக? செத்த உக்காருங்க. நீங்க தொட்டுப் பாத்தா மட்டும் நிக்கவா போகுது?"

நின்றது. ஆனாலும் மதுரையிலிருந்து திரும்பும்போது மேலூரிலும் திருப்பத்தூரிலும் இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். வேகத்தடைகளில் ஊர்ந்தேன்.

பின்சீட்டில் படுத்திருந்த மனைவி பொறுமையிழந்தாள். "எனக்கு ஒண்ணும் வலிக்கல. சும்மா சும்மா எறங்காம, பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுல கொண்டுபோய்ச் சேருங்க."