அக்காவின் தலைமுடியை நான் நேர்ந்துகொண்டது

பாலிகஞ்சில் ஒரு மாதா கோயிலின் முன்னால், நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் முழங்காலிட்டு, "என் அக்கா மகன் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வந்து முடி கொடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். சொல்லி முடித்த பிறகுதான் தலையைத் தடவிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிலேயே துடைத்துவிட்டதுபோல வழுக்கையாகிவிட்ட தலை. காதோரம் மிஞ்சியிருப்பதைக் கொண்டுபோய் நீட்டினால் மாதா கேலி என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயம் வந்தது. அவசரமாகத் திருத்தம் போட்டேன்: "என்னுடையது இல்லை, அக்காவுடையது." அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு அடுத்தவர் சார்பில் கையெழுத்துப் போடுவது சாதாரணம்.

அக்காவின் ஒரே மகனுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் தூத்துக்குடித் தமிழ், தெருவில் வங்காளம் என்று வளர்ந்தவன். டெங்கு வந்தது. அத்தானுக்கு ஹால்தியா துறைமுகத்தில் வேலை. அவர் வந்து சேர்வதற்குள் பையனை ஐசியுவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் சொன்னார். யாரோ பப்பாளி இலைச் சாறு என்றார்கள். ஜாதவ்பூரில் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டு வங்காளி மாஷிமாவின் மரத்தில் இலை ஒடித்தேன். "சோர்! சோர்!" என்று அந்த அம்மாள் கத்த, திருடனாகவே குடையை எறிந்துவிட்டு ஓடினேன். சாற்றை ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை. பாட்டிலும் கையுமாக நின்றவன், என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்துவிட்டேன். அந்தக் கசப்பை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அக்கா ஐசியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பையன் பிறந்த நாளிலிருந்து, அவன் தூங்கப்போகும்போது நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு, "மாதாவே, இவன் ஒங்க புள்ள, நான் வளக்குதேன், அவ்வளவுதான்" என்பாள். "அப்போ ஸ்கூல் பீஸையும் அவங்களே கட்டட்டும்" என்று நான் கிண்டல் செய்ததுண்டு. அன்று அவளிடம் போய், ஏதோ சாதித்தவன்போல நேர்ச்சையைச் சொன்னேன்.

"ஏல, ஒந் தலைய நேர வேண்டியதுதான?"

"எந் தலையில என்னக்கா இருக்கு?"

"உள்ளயும் ஒண்ணுமில்ல" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு என் கையைப் பிடித்து உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னாள்: "அவங்க கையில விட்டாச்சுல. விட்ட பெறகு கைய முறுக்கக் கூடாது. அவங்களும் ஒரு புள்ளயப் பறிகுடுத்தவங்கதான். தெரியாதா அவங்களுக்கு?"

எனக்கு அந்தக் கடைசி வார்த்தைகள் பிடிக்கவில்லை. பறிகொடுத்தவளிடமா பிள்ளையை ஒப்படைப்பது என்று மனசு முரண்டுபிடித்தது. மூன்றாம் நாள் காலையில் அவன் போய்விட்டான். நான் வராந்தாவில் சுவரில் முட்டிக்கொண்டு அழுத அழுகையில் இரண்டு நர்சுகள் என்னைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருந்தது. அக்கா உள்ளே போய் அவன் நெற்றியில் வழக்கம்போலச் சிலுவை போட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மழை. குழியில் தண்ணீர் ஊற ஊற இரண்டு ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இறைத்து முடியட்டும் என்று அந்தச் சின்னப் பெட்டியோடு நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை வைத்து என்னால் இன்றுவரை ஒரு வேடிக்கையும் பண்ண முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது அக்கா, "வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போடுல" என்றாள்.

"எதுக்குக்கா? பொழச்சாத்தான முடின்னு சொன்னேன். அதான் இல்லன்னு ஆயிட்டே."

"கெடைச்சாத்தான் குடுப்பேன்னு சொல்ல அது என்ன கடையா? அவங்க முன்னால நின்னு சொல்லிட்டேல்லா. வா."

அத்தான் வரவில்லை. அவர் அந்த நாட்களில் கோயில் பக்கமே திரும்பவில்லை. அதற்காக அக்கா அவரை ஒரு சொல் சொன்னதுமில்லை. ஹவுராவில் ரயிலேறி நாங்கள் இருவருமாகப் போனோம். முடியெடுக்கும் கூடத்தில் நான் துண்டோடு அவள் பக்கத்தில் குந்தியிருந்தேன். முடியெடுப்பவர் வயதானவர், பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவர். தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, "புள்ளைக்கு வேண்டுதலாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே."

"இப்ப நல்லா இருக்கானா?"

ஏதாவது கோமாளித்தனம் பண்ணிப் பேச்சைத் திருப்பலாமென்று வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்கான்" என்றாள் அக்கா.

அவர் சந்தோஷமாகக் கத்தியை எடுத்தார். அது விசுவாசமா, முன்பின் தெரியாத கிழவரைக் கலங்கவைக்க வேண்டாமென்ற நாகரிகமா என்று ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேட்கத் துணிச்சல் இல்லை.

கேட்டது பல வருடம் கழித்து, போன மாதம்தான். சனிக்கிழமை நவநாள் செபம் முடிந்து, ஜாதவ்பூர் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றிருந்தோம். "எப்படிக்கா ஒன்னால மட்டும் அப்படி விட முடிஞ்சுது? நான் ஜலதோஷத்துக்கே மூணு புனிதரத் தொந்தரவு பண்ணுதேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு தடவ விட்டா முடிஞ்சுதுன்னா நெனச்ச? காலைல கண்ணு முழிக்கும்போது அவன் எங்கிட்டதாம்ல இருக்கான். திரும்பவும் நாந்தான் எடுத்து வச்சிருக்கேன். தெனமும் அவன் தூங்கப்போற நேரத்துக்கு மறுபடி குடுக்கணும்."

வரிசை இரண்டடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"இன்னைக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

அவள் கட்டடங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள். "வெளிச்சம் இருக்குல்லா."