பச்சைத் தொப்பிப் பெண்மணி உள்ளே இருக்கிறார்

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் ஒரு பெண்மணி கழிவறைக்குள் மாட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது. கதவைத் திறக்க வழியில்லை. கூரையையும் ஒட்டியாகிவிட்டது.

பதறாதீர்கள். அந்தப் பெண்மணியின் உயரம் என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பச்சைத் தொப்பி, பழுப்பு மேலங்கி, மடியில் கைப்பை. அவரை உள்ளே வைத்து அடைத்தது வேறு யாருமில்லை... நான்தான்.

இந்தப் பக்கத்தைக் கிழமைதோறும் புரட்டுகிறவர்களுக்கு என் கணவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஜேர்மனியில், பீலெஃபெல்டில் குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய இங்கிலாந்து ரயில் பெட்டிகளைச் சின்னதாகக் கட்டுவார். எவ்வளவு சின்னது? உண்மைப் பெட்டியின் நீளத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. ஒரு யன்னல் சட்டம் மயிரளவு தடித்துப்போனாலும் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

ஏன் இங்கிலாந்துப் பெட்டி? லண்டனில் இருக்கும் என் அண்ணா செய்த வேலை அது. இவருடைய பிறந்தநாளுக்கு உடுக்க ஒரு சேட் அனுப்பியிருக்கலாம் இல்லையா? பித்தளைத் தகடுகள் அடுக்கிய ஒரு பார்சலை அனுப்பினார். வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்துப் பெட்டியாக்க வேண்டுமாம். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான் இவர்.

போர் முடிந்து ஊருக்குப் பாதை திறந்த பிறகு எங்கள் சனமெல்லாம் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் வருகிறது. இவருடைய விடுமுறை எங்கள் சாப்பாட்டு மேசையில் போகிறது. இரண்டு வருடமாக அந்த மேசை எனக்கு இல்லை. நான் ஒரு ஸ்டூலில் குந்தியிருந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். முறைப்பாடு இல்லை... சரி, கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி மாதிரி ரயில் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. முன்பு இங்கே இருந்த இங்கிலாந்துப் பட்டாளக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது தன்னுடைய தண்டவாளம், ஸ்டேஷன், பாலம் எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வருடத்தில் ஒருநாள் கண்காட்சி. அன்றைக்கு அந்தப் பாதையில் தன்னுடைய பெட்டி ஒரு சுற்று ஓட வேண்டும். இவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் எது ஓடலாம் என்று முடிவு செய்கிறவர் சங்கத்து ஹெர் நீமையர். ‘ஹெர்’ என்றால் இங்கே ‘திரு’. ஓய்வுபெற்றவர். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. போன வருடம் இவருடைய பெட்டியைக் கால் மணிநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெளியே சரி. உள்ளே வெறுமை. வெறும் பெட்டி ஓடாது.”

ஆகவே இந்த வருடம் உள்ளே ஆசனங்கள், அறைகள், பயணிகள். பயணிகள் என் பொறுப்பு. இங்கத்தைய கடைகளில் விற்கும் பொம்மைகள் ஒரு சுற்றுச் சின்னன். இங்கிலாந்துப் பெட்டியில் வைத்தால் மீசைக்காரர் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தெரிகிறார்கள். அதனால் ஆட்களும் லண்டனிலிருந்துதான் வந்தார்கள். ஆளாளுக்கு உடுப்புக்கு வர்ணம் பூசி, அறை அறையாக ஒட்டினேன்.

வியாழக்கிழமை இவர் வேலையால் வந்த கையோடு, என்னை நம்பி உள்ளே பார்க்காமலே கூரையை ஒட்டினார். பிறகு யன்னல் கண்ணாடிகளைச் செருகினார். பெட்டி பளபளத்தது. இவருடைய முகமும்தான்.

சனிக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அந்தப் பச்சைத் தொப்பி மனிசிக்குத்தான் நல்ல வசதி,” என்றேன். “மற்ற எல்லாரும் நெருக்குப்பட்டுக்கொண்டு இருக்கினம். அவவுக்குத் தனி அறை.”

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். “எந்த அறை?”

“கடைசித் தொங்கல்லை ஒரு குட்டி அறை இருக்கெல்லே. நீங்கள் ஆசனம் வைக்க மறந்துபோனியள். ஆனா வெள்ளை ஸ்டூல் ஒண்டு கிடந்துது. அதிலை இருத்தி ஒட்டிவிட்டன்.”

இவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

“இஞ்சேரும்... அது கக்கூசு.”

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்து, திருப்பி, கூரை ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். கழற்ற ஏலாது. கழற்றினால் தகடு வளையும், வர்ணம் உரியும், இரண்டு வருட உழைப்புப் போச்சு.

“இதுக்கேன் இப்பிடி யோசிக்கிறியள்?” என்றேன். “அந்த யன்னலுக்குப் பால் கண்ணாடிதானே போட்டிருக்கிறியள். உள்ளுக்கை இருக்கிறது ஆருக்குத் தெரியப்போகுது?”

“அட்டை நிரப்ப வேணுமெல்லே.”

ஓ... அட்டை. நாங்கள் இருப்பது எந்த நாட்டில்? படிவம் இல்லாமல் இங்கே பொம்மை ரயில்கூட ஓடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டியவர் தன் கையால் ஒரு அட்டை நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: ‘உண்மைப் பெட்டியிலிருந்து வேறுபாடுகள்’. ஏதாவது எழுதினால் பெட்டி ஓரமேசைக்குப் போய்விடும், தண்டவாளம் ஏறாது. அதனால் அந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதும் சொல் ஒன்றே ஒன்று. ‘கைன’. அதாவது, இல்லை.

“நீங்களும் ‘கைன’ எண்டு எழுதுங்கோவன்.”

“போம்மில பொய் எழுத ஏலாது.”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் ஸ்டூலில் இருந்து சாப்பிட்டவள் நான் அல்லவா? “ஒரு மனிசிக்காக முழுப் பெட்டியையும் ஓரமேசையிலை வைக்கப்போறியளோ?” என்று கத்தியே விட்டேன்.

இவர் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். ஏன் பொய் எழுத மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கொடுத்த அகதி விண்ணப்பத்தில், இவர் புறப்பட்ட திகதியைப் பிழையாக எழுதிவிட்டார். களைப்பு. மூன்று நாள் நித்திரையில்லை. அவ்வளவுதான் காரணம். அடுத்த விசாரணையில் சரியான திகதியைச் சொன்னார். ‘எது பொய்?’ என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காக நாலு வருடம் காத்திருந்தோம். பிறகு எல்லாம் சரிவந்தது. ஆனால் இன்றைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பத்திரத்தைக்கூட இவர் மூன்று தரம் வாசித்துத்தான் கையெழுத்துப் போடுவார். அது நினைவுக்கு வந்ததும் என் கோபம் போய்விட்டது. அட்டை நிரப்ப நல்ல பேனை ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை, கண்காட்சி நாள். மண்டபம் நிறையச் சனம். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு இவர் அட்டையை எழுதினார். கடைசிக் கட்டத்தில், அச்சடித்த மாதிரி எழுத்தில்: ‘கழிவறையில் ஒரு பெண்மணி தொப்பியுடன் அமர்ந்திருக்கிறார். வெளியே தெரியாது. எடுக்க முடியவில்லை.’

ஹெர் நீமையர் வந்தார். பூதக்கண்ணாடியோடு கைபிடிகள், யன்னல்கள், ஆசனங்கள் எல்லாம் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அட்டையை எடுத்தார். ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

இவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

“எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார்?” என்று கேட்டார் நீமையர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“வியாழக்கிழமையிலிருந்து,” என்றார் இவர். இவர் முகத்திலும் மாற்றமில்லை. பயத்தில் வந்த பதில் அது.

நீமையர் குனிந்தார். அந்தப் பால் கண்ணாடிக்குப் பக்கத்தில், தகட்டில், சுண்டுவிரலால் மெதுவாக இரண்டு தட்டு. காது கொடுத்துக் கேட்டார். நிமிர்ந்தார்.

“பதில் இல்லை. கதவும் திறக்கவில்லை. அப்படியானால் உள்ளே ஆள் இருக்கிறது.”

பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தில் இவர் எழுதியதற்குக் கீழே ஒரேயொரு சொல் எழுதினார். ‘பெசெட்ஸ்ட்’. உள்ளே ஆள் இருக்கிறது என்று, இங்கே ரயில் கழிவறைக் கதவுகளில் பூட்டியதும் தெரியும் அதே சொல். “நெடுந்தூர வண்டி. கழிவறையில் ஒருவர் இருப்பது வேறுபாடு ஆகாது,” என்றவர், டப்பென்று முத்திரையைக் குத்தினார். பிறகுதான் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் வந்து அட்டையை வாசித்துச் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல் முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி ஓடியது. பாலத்தைத் தாண்டி, ஸ்டேஷனைத் தாண்டி, ஒரு சுற்று இல்லை... ஏழு சுற்று. எண்ணியவள் நான்.

பஸ்ஸில் திரும்பும்போது இவர் அட்டையை மடியில் வைத்திருந்தார். முத்திரையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“கவனிச்சனீரே? கூரையைக் கழட்டிக் காட்டச் சொல்லேல்லை. நான் எழுதினதை அப்பிடியே நம்பிட்டார்.”

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். அழுதேன்.

சாப்பாட்டு மேசை என்னிடம் திரும்பி வந்துவிட்டது. பச்சைத் தொப்பிப் பெண்மணி மட்டும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் — ஆறுதலாக வரட்டும், ஒரு அவசரமும் இல்லை.