ஓரம் சேராத காந்தப் படங்கள்

போன வாரம் கடற்கரைச் சாலையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது தோழி ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். செயற்கைக்கோள் அளந்த பூமியின் காந்தப்புலம், வண்ண வண்ணமாக. "அழகா இருக்குல்ல?" என்றாள். எனக்கு அழகு தெரியவில்லை. இரண்டு தாள்களை எந்த இடத்தில் ஒட்டியிருப்பார்கள் என்றுதான் கண் தேடியது. இந்த மாதிரிப் படங்களை நான் நம்புவதில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்த கையோடு காலாப்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. பழைய செயற்கைக்கோள் ஒன்றின் அளவுகளைக் கோடுகளாக வரைந்த தாள்கள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. காந்தப்புலம் ஒரே அளவில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள். தாளை ஸ்கேன் செய்து, திரையில் கோட்டின்மேல் மவுஸால் புள்ளி வைத்துக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு புள்ளியும் கோப்பில் ஒரு வரி: தீர்க்கரேகை, அட்சரேகை, காந்த அளவு. விண்வெளி ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் நாள் முழுக்கப் புள்ளிதான்.

தாள்களில் அந்துருண்டை வாசம் அடிக்கும். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தள்ளி உட்காருவார். இன்றும் துணி அலமாரியைத் திறந்தால் எனக்கு அந்துவான் ஞாபகம்தான் வரும்.

அந்துவான் குருசுக்குப்பத்துக்காரன், என் வயது, எதிர் மேசை. என் தாளுக்குக் கிழக்கே ஒட்டும் தாள் அவனுடையது. நான் ஒரு கோடு முடிப்பதற்குள் அவன் மூன்று கோடு முடித்துவிட்டு ஜன்னலில் வேடிக்கை பார்ப்பான். அது எப்படி முடியும்? மதியம் வறுத்த மீனில் பாதியை என் டப்பாவில் வைப்பான். எதை மறைக்க இந்த மீன் என்று யோசித்துக்கொண்டே தின்பேன்.

ஒருநாள் அவன் வெளியே போனபோது அவன் கோப்பைத் திறந்தேன். என்னுடையதில் பாதி வரிகூட இல்லை. திரும்பி வந்தவன் பார்த்துவிட்டான்.

"என்னா போலீசு, ரெய்டா?"

"புள்ளி கம்மியா இருக்கே அந்துவான்."

"வளையற எடத்துல நெருக்கி வெக்கிறேன். நேரா போற எடத்துல எதுக்குப்பா? நீதான் கோலம் போடற மாதிரி வெச்சிக்கினு இருக்க."

நியாயமான பதில். அதனாலேயே சந்தேகம் கூடியது.

அந்த வாரம் இரண்டு கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தோம். ஓரத்தில் கோடுகள் சேரவில்லை. என் கோடு ஓரிடத்தில் முடிய, அவனுடையது சற்றுத் தள்ளித் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்கு எங்களில் ஒருவருக்குத்தான் வேலை என்று ஏற்கெனவே பேச்சு. திட்டத்தை நடத்திய மேடம் "யாரோடது தப்பு?" என்றதும் நான் முந்திக்கொண்டேன்.

"அவன் ஃபைல பாருங்க மேடம். பாதிப் புள்ளிதான் இருக்கு."

"கோடு எங்க இருக்கோ அங்கதான் வெச்சேன் மேடம்," என்றான் அந்துவான். "திரும்பப் போடச் சொன்னாலும் அங்கதான் வெப்பேன்."

மேடத்துக்கு நேரமில்லை. "நீயே சரி பண்ணிடு" என்றார் என்னிடம். அவன் கோடுகளின் நுனியைப் பிடித்து, ஒன்றை இவ்வளவு, இன்னொன்றை அவ்வளவு என்று என் கோட்டோடு சேரும்வரை இழுத்தேன். அவன் கோப்பின்மேலேயே சேமித்தேன்; அவன் வைத்த பழைய புள்ளிகள் அழிந்தன. வேலை எனக்குக் கிடைத்தது. போகும்போது, "ஒன் தாள ஒரு தடவ பாத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னான். வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன்.

திட்டம் முடிந்து அறையைக் காலி செய்த நாளில்தான் பார்த்தேன். கணினிகளைத் துடைத்து வேறு துறைக்கு அனுப்பியாகிவிட்டது. பழைய பேப்பர்க்காரர் சாக்கோடு நின்றார். ஒவ்வொரு தாளின் மூலைகளிலும் சிறிய கூட்டல் குறி இருக்கும். அதைப் பென்சிலால் வட்டமிட்டு, ஸ்கேன் செய்து, முதலில் அந்த இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை எண்களைக் கணினியில் தட்டவேண்டும். மற்ற புள்ளிகள் எல்லாம் அதைவைத்துத்தான் இடம் பிடிக்கும். என் பென்சில் வட்டம் கூட்டல் குறியில் இல்லை. அதற்கு வெளியே, அழகுக்காகப் போட்டிருந்த சட்டத்தின் மூலையில் இருந்தது. நான்கு மூலையிலும். அப்படியென்றால் என் கோடுகள் எல்லாமே இடம் தவறியவை. அந்துவானின் தாளை எடுத்துப் பார்த்தேன். வட்டத்தின் நடுவில் கூட்டல் குறி.

"போடலாமா சார்?" என்றார் பேப்பர்க்காரர்.

இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தால் மேடத்தின் அறை. கதவு திறந்தேதான் இருந்தது.

"போடுங்க," என்றேன். சாக்கின் வாயை நானே பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தாள்கள் கூழாகியிருக்கும். என் கோப்பு மட்டும் பிரதிமேல் பிரதியாக எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. கோடுகள் சரியான இடத்தில் இருந்த ஒரே கோப்பு அந்துவானுடையது. அது இப்போது எங்கும் இல்லை.