தேனீக்களுக்குச் சொல்லாத சாவு

வெர்னா சாட்போர்ன் யாரிடமும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. பனிக்காலத்தில் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளுவதும் அவள்தான், ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டாம் என்று விரட்டுவதும் அவள்தான். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். அடுத்த வீட்டுக்காரர் ஒரு கை கொடுத்தால் அன்று மாலையே ஒரு ஜாடி ஊறுகாயைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்.

இங்கே வெயில் காலத்தில் புல்லில் நடந்துவிட்டு வந்தால் சட்டையைக் கழற்றி உண்ணி பார்க்க வேண்டும். மான்களிடமிருந்து வருகிற உண்ணி, கசகசா அளவுதான் இருக்கும். கை எட்டுகிற இடங்களை நாமே பார்த்துக்கொள்வோம். முதுகை வீட்டிலிருக்கும் இன்னொருவர் பார்ப்பார். கல்யாணமானவர்களுக்கு அது பல் தேய்ப்பதைப் போல ஒரு வேலை.

புருஷன் ஹார்லன் இருந்தவரை வெர்னாவின் முதுகை அவன் பார்த்தான். அவன் போன பிறகு யாரும் பார்க்கவில்லை. நான் ஐந்து நிமிட நடையில் இருக்கிறேன். “ரோ, என் முதுகைக் கொஞ்சம் பாருடி” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இடுப்புக்கு மேலே, கை எட்டாத இடத்தில் ஓர் உண்ணி நாலைந்து நாள் உட்கார்ந்து குடித்திருக்கிறது. சுற்றிலும் சிவப்பு வட்டம் வந்திருக்கும், பார்க்கத்தான் ஆள் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இருபத்திரண்டு வருஷம் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு முன் இருக்கைக்குக் கீழே ஒரு டப்பாவில் பிஸ்கட் வைத்திருப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த மஞ்சள் வண்டிதான் அவள் குடும்பம்.

முதலில் முட்டி வீங்கியது. பிறகு வார்த்தைகள் தொலைந்தன. கரண்டி, சாவி, செவ்வாய்க்கிழமை என்று ஒவ்வொன்றாக. நவம்பரில் ஒரு காலை, பதினொரு பிள்ளைகளோடு நாற்சந்தியில் வண்டியை நிறுத்தினாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “இடது பக்கம், மிஸஸ் சாட்போர்ன்” என்று சொல்லியிருக்கிறாள். வெர்னா திரும்பவில்லை. வண்டியை ஓரம் கட்டி, பஸ் கேரேஜுக்குப் போன் செய்து வேறு ஆளை வரச்சொல்லி, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு மூன்று மைல் நடந்தே வீடு வந்தாள். வேறு யாராவது என்றால் அந்தப் பெண் சொன்னபடி திரும்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

உண்ணிக் கடியால் வருகிற லைம் நோய் என்று கண்டுபிடிக்கவே அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆனது. ஒரு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். “கிருமி போயிடுச்சு, மிச்சம் இருக்கறது மெதுவா போகும்” என்றார் டாக்டர். போகவில்லை. அடுத்த டாக்டர், எல்லாம் வயசு என்றார். இன்னொருவர், புருஷன் போன துக்கம் என்று சொல்லிக் கை விரித்துவிட்டார். அதன்பின் அவள் சமையலறை அலமாரி நாட்டு மருந்துக் கடையாகிவிட்டது. வேர்க் கஷாயம், பூண்டுக் குளிகை, காலையில் உப்புத் தண்ணீர். யாரோ ஒருவன் ஏமாற்றி விற்ற மின்பெட்டி ஒன்று. இரண்டு பித்தளைக் குழாய்களைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார வேண்டும். “பால் கறக்கறதுக்கு மாடு தேடறவ மாதிரி இருக்கடி” என்றேன். சிரித்தாள், ஆனால் குழாயைக் கீழே வைக்கவில்லை.

மே மாதம், நான் வேலை பார்க்கும் டவுன் ஆபீஸில் நாய்களுக்கு லைசென்ஸ் எழுதிக்கொண்டிருந்தபோது வரிசையில் வந்து நின்றாள். அவளிடம் நாய் கிடையாது.

“ரோ, எனக்கு ஒரு உதவி வேணும்” என்றாள்.

பேனா என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

“தேனீய முதுகுல கொட்ட வைக்கணும். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும். வாரத்துக்கு மூணு நாள். எனக்குக் கை எட்டாதுடி.”

“பைத்தியமா உனக்கு? ஒண்ணு கொட்டி மூச்சு நின்னு போனவங்க இருக்காங்க.”

“அதுக்கு ஊசி வாங்கி வச்சிருக்கேன். ஆகஸ்ட் கடைசியில வண்டிப் பரீட்சை வச்சிருக்காங்க. பாஸ் பண்ணினா செப்டம்பர்ல பஸ்ஸு என் கைக்கு வந்துடும். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க.”

முதல் தடவையாகக் கேட்கிறாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேனீக்கு ஐனா டிபெட்ஸ் வீட்டுக்குப் போனோம். ஐனாவுக்கு எண்பது வயது. அவள் அண்ணன் வின்ஸ்லோ அறுபது வருஷம் தேனீ வளர்த்தவர். பிப்ரவரியில் செத்துப்போனார். தோட்டத்துக் கல்சுவரை ஒட்டி அவருடைய ஒன்பது வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. ஆப்பிள் பூத்திருந்தது. தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. நான் பெட்டிக்கு அருகில் போனதும் என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சத்தமே இல்லை. ஆயிரக்கணக்கில் பறக்கின்றன, ஒரு ரீங்காரம் கூட இல்லை.

“பெட்டிங்களுக்குச் சொன்னீங்களா, ஐனா?” என்று கேட்டேன்.

வளர்த்தவர் செத்தால் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று தட்டு தட்டி, இன்னார் போய்விட்டார் என்று சொல்லி, கறுப்புத் துணி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்லாவிட்டால் தேனீக்கள் செத்துவிடும், இல்லாவிட்டால் கூட்டத்தோடு பறந்துவிடும் என்பார்கள்.

“பூச்சிகிட்ட போய் எழவு சொல்றதா?” என்றாள் ஐனா. “நான் சர்ச்சுக்குப் போறவ. செத்துச்சா, பறந்துச்சா? நல்லாத்தான் இருக்கு. எத்தன வேணுமோ பிடிச்சுக்க.”

சாகவுமில்லை, பறந்துபோகவுமில்லை என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. வெர்னா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவள் ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

வெர்னாவின் சமையலறையில் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சட்டையைத் தூக்கிவிட்டுக் குனிந்து உட்காருவாள். நான் பனிக்கட்டியால் தோலை மரத்துப்போக வைப்பேன். சின்ன இடுக்கியால் ஒரு தேனீயைப் பிடித்து முதுகில் வைப்பேன். அது வயிற்றை வளைத்துக் கொட்டும். கொடுக்கு தோலில் தங்கிவிடும், தேனீ செத்துவிடும். முதல் நாள் ஒன்று, அடுத்த வாரம் நான்கு, பிறகு பத்து. செத்ததை ஒரு தட்டில் வரிசையாகப் போடுவேன். கொட்டும்போதும் அவை சத்தம் போடவில்லை. வெர்னாதான் பல்லைக் கடித்துக்கொண்டு, “ம், அடுத்தது” என்பாள்.

மூன்றாவது வாரம் முட்டி வீக்கம் இறங்கியது. ஐந்தாவது வாரம் வார்த்தைகள் திரும்பின. டாக்டரிடம் சொன்னேன். “தானா குறையற நேரத்துல தேனீக்குப் பேர் கிடைச்சிருக்கு, விபரீதம் பண்ணாதீங்க” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். வீட்டுப் படியில் அவள் ஏறி இறங்குவதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை. ஏழாவது தேனீயை வைத்துக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே வெர்னா சொன்னாள்: “கை நடுங்குது உனக்கு. அன்னிக்கும் இப்படித்தான் நடுங்குச்சு, சுண்டெலி.”

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வின்ஸ்லோவின் கொட்டகையில் புகுந்து தேனடை திருடினேன். அவர் கையும் களவுமாகப் பிடித்தார். “சுண்டெலி” என்று ஒரு தடவை கூப்பிட்டார், ஒரு துண்டு அடையைக் கையில் வைத்து அனுப்பினார். யாரிடமும் அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெர்னா வடக்கே உருளைக்கிழங்கு வயல் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் இந்த ஊருக்கு வாழ வந்தவள்.

“என்னடி சொன்ன?” என்றேன்.

“என்ன சொன்னேன்?” என்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அதை வின்ஸ்லோவைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் மிச்சம் மூன்று தேனீயையும் வைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அதற்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் ஆரம்பத்தில், பஸ் போகிற வழியைப் பழகிப் பார்க்கலாம் என்று தன் பழைய டிரக்கில் என்னை ஏற்றிக்கொண்டாள். ஒரு திருப்பத்தில்கூடத் தயங்கவில்லை. பெருமையாக விசிலடித்துக்கொண்டு ஓட்டினாள். நாற்சந்தியில் இடது பக்கம் போகாமல் நேரே போனாள். குவாரிக்குப் போகும் மண்பாதையில், புதர் மண்டிய ஒரு காலி நிலத்துக்கு முன்னால் டிரக்கை நிறுத்தினாள்.

“இங்க எதுக்குடி?”

“லீமன் வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் வரணும்ல? எப்பவும் லேட்டுதான் அந்தப் பசங்க.”

லீமன் வீடு எரிந்து எழுபது வருஷம் இருக்கும். அப்போது நான் பிறக்கவே இல்லை. அந்தப் பையன்கள் இரண்டு பேரும் அதற்கும் முன்னால் குவாரித் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போய்விட்டார்கள் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வின்ஸ்லோவோடு படித்தவர்கள். வெர்னா கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டு, அவர்கள் ஏறி உட்காருகிற அளவு நேரம் காத்திருந்து, சாத்தினாள். நான் என் கால்களை இழுத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுண்டெலி, லீமன் பையன்கள், சத்தமில்லாத பெட்டிகள், ஒன்றையும் விடவில்லை. அவள் காப்பியைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“ராத்திரியெல்லாம் தேனீப் பெட்டிங்கமேல பனி தள்ளற கனவு வருது. என் கை இல்ல, ரோ. பெரிய கை. தெரிஞ்சுதான் உங்கிட்ட சொல்லல.”

“நான் போய்ப் பெட்டிங்களுக்குச் சொல்லிடறேன்.”

“வேணாம்.” டம்ளரை வைத்தாள். “நீ சொன்னா வின்ஸ்லோ போயிடுவாரு. அப்புறம் உள்ள என்ன இருக்கும்? மூளை காலியா கெடக்கறதவிட யாரோ ஒருத்தர் குடியிருந்தா தேவல. முட்டி நல்லாருக்கு, ரோடு தெரியுது.”

“அது உன் ரோடு இல்லடி!”

“கத்தாத. மூணு வாரம்தான். பரீட்சை முடியட்டும். என் கைய விட்டுடாத.”

இரண்டு வாரம் நான் தேனீ வைத்தேன். சிநேகிதி கெஞ்சும்போது நியாயம் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அந்த டிரக்கின் கதவு திறந்து சாத்தியது என் கண் முன்னால் வந்தது. உயிருள்ள பதினொரு பிள்ளைகள் வண்டியில் இருப்பார்கள், அவள் நேரே குவாரிக்குப் போவாள். பரீட்சைக்கு ஆறு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, ஜாடி எடுக்காமல் ஐனா வீட்டுக்குப் போனேன்.

ஐனா என் முகத்தைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய சாவியைக் கண்ணால் காட்டிவிட்டு, “நான் பாக்கல” என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று தட்டு தட்டினேன். “வின்ஸ்லோ போயிட்டாரு” என்றேன். எட்டுப் பெட்டிகளில் ஒன்றுமில்லை. ஒன்பதாவது பெட்டியில் சொல்லி முடித்ததும் உள்ளே ஆழத்தில் ஏதோ முனகியது. பிறகு ஒன்பதும் சேர்ந்து இரைய ஆரம்பித்தன. ஆறு மாதச் சத்தம் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்தது. ரோட்டுக்கு வந்த பிறகும் கேட்டது. நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெர்னா சமையலறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் வெறுங்கையோடு வாசலில் நின்றேன். அவள் திரும்பவில்லை.

“எப்போ?” என்றாள்.

“என்ன எப்போ?”

“நான் எப்போ செத்தேன்? ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலயே.”

குரல் வெர்னாவுடையதுதான். ஆனால் அதில் இருந்த வருத்தம் ஒரு கிழவருடையது. இவ்வளவு நாள் யாரும் சொல்லாமல் விட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று தோன்றியது.

“பிப்ரவரியில” என்றேன். “செவ்வாய்க்கிழமை. காலையில கஞ்சி குடிச்சீங்க, பாதியில ஸ்பூனை வச்சுட்டீங்க. வலி ஒண்ணும் இல்லன்னு ஐனா சொன்னாங்க. பனி ஜாஸ்தி, அப்படியும் ஊர்ல எல்லாரும் வந்தாங்க.”

“பெட்டிங்கள யாரு பாக்கறா?”

“நான் பாத்துக்கறேன்.”

“சரி” என்று ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. பிறகு அவள் கை மெதுவாக முட்டியைத் தேடிப் பிடித்தது.

“ரோ” என்றாள். “முட்டி வலிக்குதுடி.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், நான் சொல்லிவிட்டேன் என்று அழுதேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை பரீட்சை இருக்குல்ல?”

“இருக்கு.”

“கேரேஜுக்குப் போன் பண்ணி, வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடு. அந்தக் காலி நிலத்துக்கிட்ட கதவத் திறந்தேன்ல. பசங்கள வச்சுக்கிட்டு அப்படிச் செஞ்சிருந்தா?”

இது வெர்னாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“நீயே பேசு, ரோ” என்றாள். “அந்த நம்பர் எனக்கு மறந்துபோச்சு.”