என்னைவிட நான்கு வயது சிறிய சித்தப்பா

என் சித்தப்பா பிறந்தபோது எனக்கு நான்கு வயது. அப்பா கூடப்பிறந்தவர்களில் மூத்தவர், இவர் கடைக்குட்டி. தொட்டிலில் கிடந்தவரை எட்டிப் பார்த்து "இவன் அழுறான்" என்று நான் சொன்னதற்கு அப்பா என் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். இவன் இல்லையாம், இவராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சித்தப்பா அழுதார், சித்தப்பா தவழ்ந்தார், சித்தப்பா பாயை நனைத்துவிட்டார். உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது பாயை நனைத்தவருக்கு இத்தனை மரியாதை கிடைத்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

தாத்தா சீக்கிரமே போய்விட, சித்தப்பா எங்களோடுதான் வளர்ந்தார். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் குடித்தனம். சித்தப்பா வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்காரலாம். அவர் எதிரில் கால்மேல் கால் போட்டால் அப்பாவின் கண் சிவந்துவிடும். மீசை முளைத்தவன் மீசை முளைக்காதவரைப் பார்த்துத் துள்ளி எழுவதைப் பார்த்து விருந்தாளிகள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் எழுந்துவிடுவேன். பழகிப்போன கால்கள், என்னைக் கேட்டா எழுகின்றன?

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கம்பெனியில் இரண்டாவது கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான், எங்கள் ஊர்ப் பெயர் அது. பெரிய கிராணி ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் எனக்குத்தான் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். சுழலும் நாற்காலி, தலைக்கு மேல் தனியாக ஒரு மின்விசிறி. எட்டு வருடம் அந்த நாற்காலியைப் பார்த்தபடியே ஆணிக்கும் கீலுக்கும் பில் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ பூக்காரரிலிருந்து மாவு மில்காரர்வரை எல்லாரிடமும், என் மகன் பெரிய கிராணி ஆகப் போகிறான் என்று சொல்லி முடித்துவிட்டார். அது கிடைக்காமல் போனால் நான் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

அந்த நேரம் பார்த்து அப்பா, சித்தப்பாவுக்கும் உன் கம்பெனியிலேயே ஒரு வேலை பார் என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, நானே பேசி அவரைக் கடைசி கிராணியாகச் சேர்த்துவிட்டேன். சொந்தக்காரர் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆள் திணிக்கிறான் என்பார்களே என்று பயம்.

முதல் நாள் காலை சித்தப்பா உள்ளே வந்தார். நான் படக்கென்று எழுந்து நின்றேன். அவர் வெலவெலத்துப்போய் "குட் மார்னிங் சார்" என்றார். நான் "வாங்க சித்தப்பா" என்றேன். எங்கள் இருவரைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் பெயரே அதுதான் என்று நினைத்து ஸ்டோரில் இருந்த சீனப் பெரியவரும் அன்றே அவரைச் சித்தப்பா ஆக்கிக்கொண்டார். மறுநாளே மலாய் ஓட்டுநருக்கும் அவர் சித்தப்பா.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்! அவர் பில்லில் தப்பு செய்வார். மேலதிகாரியாக நான் கண்டிக்க வேண்டும். "தப்பா நினைச்சுக்காதீங்க சித்தப்பா, மூணு டஜன் வாளின்னு இருக்கிறத முப்பது டஜன்னு அடிச்சிருக்கீங்க" என்று நான் குழைவேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு "மன்னிச்சிருங்க சார்" என்பார். அவர் கையைக் கட்டியதும் எனக்குப் பதறும், நானும் கட்டிக்கொள்வேன். இரண்டு பேரும் ஒரு வாளிக்காகக் கைகட்டி நிற்போம். சாயங்காலம் வீட்டுப் படியேறியதும் அவர் "தம்பி, அந்தத் தண்ணிய எடு" என்பார், அவருடைய மேலதிகாரி ஓடிப்போய்ச் செம்பில் மொண்டு கொடுப்பார்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் எழுவதைப் பார்த்து மற்றவர்களும் எழ ஆரம்பித்தார்கள். இந்தப் பொடியன் முதலாளிக்கு வேண்டியவன்போல, நமக்கெதற்கு வம்பு என்று முதலில் சீனப் பெரியவர் எழுந்தார். பிறகு ஓட்டுநர், அப்புறம் டீ கொண்டு வருபவர்கூட. சித்தப்பா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாலும் ஆபீஸே எழுந்து நிற்கும். பாவம், அவர் வெட்கத்தில் சுவரோரமாகவே நடமாடினார்.

எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் இதையெல்லாம் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு மாதம் பார்த்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னை உள்ளே கூப்பிட்டார். எனக்கு மின்விசிறிக் காற்றே முகத்தில் பட்டதுபோல் இருந்தது. நீ நல்ல உழைப்பாளி என்று ஆரம்பித்தார். ஆனால் யாரும் சொல்லாமலே அந்தப் புதுப் பையனுக்கு ஓர் ஆபீஸ் முழுக்க எழுந்து நிற்கிறது என்றால் அவன் நிர்வாகத்துக்கென்றே பிறந்தவன், பெரிய கிராணி வேலையை அவனுக்குத்தான் கொடுக்கப்போகிறேன், உனக்கு வருத்தம் இருக்காதே என்று கேட்டார்.

அவர் என் அப்பாவின் தம்பி ஐயா, அதனால்தான் எழுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக்காரனைத் திணித்தது வெளியே வந்துவிடும். அதைவிட, சித்தப்பாவுக்கு வருவதை அண்ணன் மகன் தட்டிவிடுவதா? "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வரும்வரை அங்கே உட்கார்ந்திருந்தால் மறுபடியும் எழுந்து தொலைப்பேன் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

எட்டு வருடம்! அம்மாவுக்கு என்ன சொல்வேன்? சிராங்கூன் ரோட்டை எட்டும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். சித்தப்பாதான். கடைகளுக்கு முன்னால் போகும் நடைபாதையில் ஆட்களை இடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து என் தோளைப் பிடித்தார்.

"விடுடா!" என்றேன். "டேய், உன்னால எம் பொழப்பே போச்சுடா!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. முகம் அப்படி மலர்ந்தது. மூச்சிரைத்தபடியே நடந்ததைச் சொன்னார். மேனேஜரிடம் எல்லாவற்றையும் உடைத்துவிட்டாராம். அவர் என் அண்ணன் மகன், வயதிலும் வேலையிலும் அவர்தான் பெரியவர், உறவில் மட்டும்தான் நான், அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன் என்று. மேனேஜர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். சொந்தக்காரர் என்பதற்கெல்லாம் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லையாம். வேலை எனக்குத்தான், ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸில் யாருக்கும் யாரும் எழக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மன்னிச்சிருங்க சித்தப்பா, வாய் தவறிடுச்சு" என்றேன்.

"இல்ல லா, அது இருக்கட்டும்" என்றார். "சந்துல நீங்க எல்லாரும் டேய் டேய்னு கத்திக்கிட்டு கோலி ஆடுவீங்க. நான் வந்தா ஆட்டத்த விட்டுட்டு எந்திரிச்சு நிப்பீங்க. ஒருத்தன்கூட என்னைய ஆட்டத்துக்குச் சேத்ததில்ல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. நாங்கள் மரியாதைதான் கொடுத்தோம் என்று நினைத்திருந்தேன்.

"இன்னொரு தடவ கூப்பிடு" என்றார்.

வாயைத் திறந்தேன். நாக்கைப் புரட்டிப் பார்த்தேன். பொங்கி வந்தபோது அவ்வளவு சுலபமாக வந்த ஒற்றைச் சொல், பிரியமாகச் சொல்ல நினைத்தபோது தொண்டையைத் தாண்டவில்லை.

"காப்பி குடிக்கலாமா, சித்தப்பா?" என்றுதான் வந்தது.

அவர் "சரி, தம்பி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சித்தப்பா இல்லையா, அவர் முன்னால்தான் நடக்க வேண்டும்.