பலாக்கிளையும் கோபுரக் கடிகாரமும்

‘தனுவச்சபுரம் பஸ், காலை 10.40. அழைப்பு துண்டானது, நான்காம் முறை.’ இது சென்ற மழைக்காலத்தில் என் நாட்குறிப்பில் எழுதிய வரி. பஸ் எங்கள் வீட்டருகே வரும்போதெல்லாம் இப்படித்தான் என்று புகார் செய்தேன். மறுநாள் எங்கள் மாடியிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பார்க்க டெக்னீஷியன் வந்தார்.

கோபுரங்களின் கடிகாரங்கள் ஒத்து ஓடாவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அழைப்பு அறுந்துவிடுமாம். எங்கள் கோபுரம் செயற்கைக்கோளிடம் நேரம் வாங்குகிறது. அதற்கான ஆண்டெனாவைப் பக்கத்து வீட்டுப் பலாக்கிளை மறைப்பதால் அதை வெட்ட வேண்டும் என்றார்.

மதிலுக்கு அப்பாலிருந்த மரத்தின் சொந்தக்காரர், அந்த வீட்டு அம்மா, இது காதில் விழுந்து குரல் கொடுத்தார். “எலே மக்கா, சக்க காய்ச்சு நிக்குத மரமாக்கும்! மணி பாக்க ஒரு வாச்சு வாங்கித் தாறேன், போ.”

“வாச்சு போதாதுக்கா,” என்றார் டெக்னீஷியன்.

வானத்தை விட்டால் வேறு வழியில்லையா என்று நான் கேட்டேன்.

“உண்டு சாரே. ஃபைபர் கேபிள் வழியாவும் நேரம் எடுக்கலாம். ஆபீஸ்ல கேக்கணும்.”

போனில் அனுமதி வாங்கி, மடிக்கணினியில் கோபுரம் நேரம் வாங்கும் வழிகளில் ஃபைபரை முதல் இடத்துக்கு மாற்றினார். ஆண்டெனா கேபிளின் மூட்டில் தண்ணீர் புகுந்திருந்தது. அதையும் துடைத்து இறுக்கினார். பிறகு பஸ்ஸில் அழைப்பு அறவில்லை. கிளையும் தப்பியது. ஆனால் அது உண்மையில் வானத்தை மறைத்ததா, ஈர மூட்டுதான் காரணமா என்பதை யாரும் சோதிக்கவில்லை, எனக்கும் தெரியாது.